பத்தரைக்குள் அரை அடி!

"ஐயோ...!"

அலறல் பாதியில் அறுந்தது.

ஸ்ரீ சிட்டி. பிஸ்கட் கம்பெனி குடோன். மூன்றாம் நம்பர் ராம்ப். வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பது.

குடோன் தளத்துக்கும் லாரிக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி. நடுவே பாலமாக இருக்க வேண்டிய இரும்புத் தகடு இல்லை. அந்த இடைவெளியில் முன்சக்கரம் இறங்கி, கவிழ்ந்து கிடந்தது சரக்கு ஏற்றும் ஃபோர்க்லிஃப்ட். அடியில் அதை ஓட்டிய கிஷோர். இருபத்தேழு வயது.

உயிர் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஸ்வர்ணலதா வந்தபோது பதினொன்றே கால். கூடவே கான்ஸ்டபிள் ரங்கையா.

லாரி டிரைவர் தாமோதரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் ஒண்ணும் பண்ணல மேடம்!"

"லோடு முடியறவரைக்கும் லாரி சாவி எங்க இருக்கணும்?"

"சூப்பர்வைசர் ரூம்ல மேடம். ஆணியில தொங்கிக்கினு இருக்கும்."

"இப்ப உன் பாக்கெட்ல இருக்குதே... கால் மொளச்சு வந்துச்சா?"

தாமோதரன் திரும்பி, சுவரோரம் நின்ற சூப்பர்வைசர் மோகன்ராஜைப் பார்த்தான்.

புத்தூர்க்காரர். நாற்பத்தைந்து வயது. கையிலிருந்த டீயில் ஆடை கட்டியிருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"அவன உட்டுடுங்க மேடம்!" குரல் உடைந்தது. "சாவிய குடுத்தது நான்தான்!"

"எதுக்கு?"

"பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு, அரை அடி முன்னால எடுத்து நசுக்கிட்டா, வண்டி கிளம்பினதா கணக்கு. அப்பறம் எப்ப போனாலும் பரவால்ல. எல்லா டிரைவரும் கேக்கறதுதான். லாரி நவுந்தா ராம்ப் தகடு நழுவும்னு தெரியும்... தெரிஞ்சும் குடுத்தேன்! என்ன இட்டுக்கினு போங்க. அந்தப் புள்ள மொகம் கண்ண வுட்டுப் போவ மாட்டேங்குது..."

அழுதார். நிஜக் கண்ணீர்.

ரங்கையா இளகிவிட்டார். "பாவம் மேடம். தப்ப ஒத்துக்கினாரு."

"ஆமா... ரொம்ப சீக்கிரமா ஒத்துக்கினாரு."

ஸ்வர்ணலதா லாரியின் முன்னால் போய்க் குனிந்தாள். முன் டயர்களைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"தாமோதரா, பழம் ரெண்டும் முழுசா இருக்குதே?"

"அதத்தான் மேடம் சொல்ல வந்தேன்! வாங்கியாந்து வெக்கறதுக்குள்ள பத்தரை தாண்டிடுச்சு. ராகுகாலத்துல எவனாச்சும் வண்டி எடுப்பானா? கீழயே நின்னுக்கினு இருந்தேன்."

மோகன்ராஜின் அழுகை சட்டென்று நின்றது.

"லாரி நவுரவே இல்ல. அப்ப இந்த ஒன்றரை அடி?"

"தள்ளி நிறுத்தச் சொன்னது சார்தான் மேடம். தகடு எட்டும்னாரு."

"தகட்ட உள்ள இழுக்கற சுவிட்ச் எங்க?"

தாமோதரனின் பார்வை சூப்பர்வைசர் அறைக்குப் போனது.

ஸ்வர்ணலதா மோகன்ராஜை நெருங்கினாள்.

"போன மாசம் இதே ராம்ப்ல லோடு ஏத்தற கருப்பனுக்கு கால் போச்சு. டயருக்கு முட்டுக்கட்டை வெக்காம லோடு ஏத்தச் சொன்னது நீங்கன்னு நேத்து கிஷோர் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னான். இன்னிக்கு எழுதிக் குடுக்கறதா இருந்தான். அது உங்க காதுக்கு வந்துடுச்சு."

மோகன்ராஜ் டீயைக் கீழே வைத்தார்.

"அஜாக்கிரதைன்னா ஜாமீன் கெடைக்கும். கொலைன்னா? அதுக்குத்தான் சின்னத் தப்ப ஒத்துக்கினு அழுதீங்களா?"

"பத்தரைக்குள்ள டிரைவர் வண்டிய எடுத்திருப்பான்னு நெனச்சேன்..." மோகன்ராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரூம்ல இருந்து டயரு தெரியல. பட்டன அமுக்கினேன்... ஆனா அழுதது பொய்யில்ல மேடம். அந்தப் புள்ள என்னத்தான் பாத்தான்... விழும்போது."

"எழுதிக்கறேன். எழுந்திருங்க."

ரங்கையா ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

"பாத்து ஏறுங்க சார்... நீங்க ஏறி முடியறவரைக்கும் வண்டிய நவுத்த மாட்டோம். எங்களுக்கு ரூல்ஸ் தெரியும்!"