கடைசி லேனில் குனிந்தவன்

"ஐயோ...!"

அந்த அலறல் கேட்டதும் ரேஞ்சில் இருந்த அத்தனை துப்பாக்கிகளும் வாயை மூடிக்கொண்டன.

சுடும் மைதானத்தில் குண்டுச் சத்தத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. மனுஷக் குரலுக்குத்தான் பயம்!

"நிறுத்து! எல்லாரும் துப்பாக்கியைக் கீழ வை! யாருக்குடா பட்டுச்சு?"

கேட்டவர் ரேஞ்ச் மாஸ்டர். காவலர் பயிற்சிக் கல்லூரியில் அவருக்குப் பெயர் 'இடி'. சும்மா நலம் விசாரித்தாலே பக்கத்துக் கட்டிடத்தில் ஜன்னல் அதிரும்.

யாருக்கும் படவில்லை.

அலறியவள் மூன்றாவது லேனில் வெளிறிப்போய் நின்றிருந்தாள். பயிற்சிக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன புதுசு. பூட்ஸ் கடித்த குதிகாலில் பிளாஸ்திரி. தொப்பி ஒரு சைஸ் பெரிது.

"என்னம்மா? பாம்பா?"

"இல்ல சார்... அங்க... கடைசி லேன்ல..."

"கடைசி லேன்ல?"

"ஒருத்தர் குனிஞ்சு தரையில எதையோ தேடுறார் சார்!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

கடைசி லேனின் குறுக்கே மஞ்சள் கயிறு. அதற்கு அப்பால் சிமெண்ட் தரை. வெயில். வேறு ஒன்றுமில்லை. இரண்டு வருடமாக அங்கே யாரும் கால் வைப்பதில்லை.

"உன் மூளையைத் தேடியிருப்பான்! கிடைச்சா வாங்கி வெச்சுக்கோ! இன்னிலேர்ந்து உன் பேரு கூச்சல்!"

வரிசை சிரித்தது. கூச்சல் சிரிக்கவில்லை.

அந்த முதுகு அவளுக்குத் தெரியும். பிடரியில் இருந்த இரட்டைச் சுழி தெரியும். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனாள்.

அது அவள் அண்ணன்.

இரண்டு வருடம் முன்பு, இதே கல்லூரியில், அதே கடைசி லேனில், நெற்றிப் பொட்டில் குண்டோடு செத்துக் கிடந்த அண்ணன்!

*

மாலை. பெண்கள் விடுதியில் பூட்ஸ் பாலிஷ் வாடை தூக்கியடித்தது.

"நிஜமாவே பார்த்தியா?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. அவளுக்குப் பட்டப்பெயர் குறட்டை. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"பார்த்தேன்டி."

"பயம் காட்டாத. எனக்குத் தூக்கம் வராது."

"உனக்கா?"

குறட்டை துணியை வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன் எப்படி...?"

"தற்கொலைன்னு எழுதி மூடிட்டாங்க. பிஸ்டல் அவன் கையிலயே இருந்துச்சாம். பயிற்சி தாங்க முடியலையாம்."

"தாங்க முடியாத ஆளா அவரு?"

"அவனா? பல்லு பிடுங்கும்போதே டாக்டருக்கு ஜோக் சொன்னவன்டி!"

"அப்புறம் நீ எதுக்கு இங்கயே வந்து சேர்ந்த? வேற வேலையே கிடைக்கலையா?"

"அம்மாவுக்காக."

கூச்சல் பூட்ஸை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அவனுக்கு இந்த வேலையில இஷ்டமே இல்ல. அம்மாதான் போ போன்னு பிடிச்சுத் தள்ளினா. 'நான்தான் என் புள்ளையைக் கொன்னேன்'னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கா. ஒரு சொட்டு அழலை. அழறதுக்குக்கூட தனக்கு யோக்கியதை இல்லையாம்! அவன் தானா சாகலைன்னு தெரிஞ்சா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"தானாதான் செத்தாருன்னு தெரிஞ்சா?"

கூச்சல் பூட்ஸ் முனையை வெறி பிடித்தது போலத் தேய்த்தாள். முனை பளபளத்தது. அதில் அவள் முகம் தெரிந்தது.

அவள் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகமும் தெரிந்தது!

திரும்பினாள்.

வெறும் சுவர்.

*

ரேஞ்சில் ஒரு சட்டம் உண்டு.

சுட்டதும் துப்பாக்கி துப்புகிற காலித் தோட்டாவுக்கு அங்கே 'எம்ப்டி' என்று பெயர். சுட்டவரே குனிந்து அதைப் பொறுக்கி, மேஜை மேல் இருக்கும் தகர டப்பாவில் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் ரேஞ்சை விட்டு நகர முடியாது. சாப்பாடா? அது எம்ப்டி கிடைத்த பிறகு!

சுடு. குனி. பொறுக்கு. போடு!

இடி இதைக் கத்திக் கத்தியே எலும்புக்குள் ஏற்றிவிடுவார். நேற்று குழாயடியில் யாரோ வாளியைத் தவறவிட்ட சத்தத்துக்கே குறட்டை குனிந்து தரையைத் துழாவினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று ஓர் எம்ப்டி குறைந்தது.

மொத்த வரிசையும் முட்டி போட்டுத் தேடியது. வெயில் முதுகை வறுத்தது. கூச்சல் தேடிக்கொண்டே மஞ்சள் கயிறு வரை ஊர்ந்து போனாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் விழுந்திருந்தது.

ஆள் இல்லை. நிழல் மட்டும்!

அது குனிந்திருந்தது. அதன் விரல் நுனியில் ஏதோ மின்னியது. தொலைந்துபோன எம்ப்டி!

தொண்டை வரை வந்த அலறலை அவள் அப்படியே விழுங்கினாள். கையை நீட்டி எம்ப்டியை எடுத்தாள். வெயிலில் கிடந்த பித்தளை, ஐஸ் மாதிரி குளிர்ந்தது. நிழலைக் காணவில்லை.

"கிடைச்சிடுச்சு சார்..."

"கிடைக்காம எங்க போகும்?" இடி மீசையைத் தடவினார். "நான் மாஸ்டரா வந்த நாள்லேர்ந்து ஒரு எம்ப்டி காணாம போனதில்ல! அந்தக் கடைசி லேன்ல ஒருத்தன் செத்து விழுந்தானே... அன்னிக்கு சாயங்காலம்கூட எண்ணிப் பார்த்தேன். கொடுத்த தோட்டாவுக்கு எம்ப்டி சரியா இருந்துச்சு!"

கூச்சல் கையிலிருந்த எம்ப்டியைப் பார்த்தாள்.

"சார்... அவரைக் கொன்ன தோட்டாவோட எம்ப்டியும் டப்பாவுல இருந்துச்சா?"

"இருந்ததாலதானே சரியா வந்துச்சு! இதுகூடத் தெரியலையா?"

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

நெற்றிப் பொட்டில் சுட்டுக்கொண்டு செத்தவன், எழுந்து வந்து எம்ப்டியைப் பொறுக்கி டப்பாவில் போட மாட்டான்!

*

அவள் முதலில் ஓடியது சிரிப்பு மாஸ்டரிடம்.

அவன் அண்ணனோடு ஒரே அணியில் பயிற்சி எடுத்தவன். அண்ணனின் உயிர்த் தோழன். பயிற்சி முடிந்தும் வேறு ஊர் கேட்காமல், இங்கேயே உதவி மாஸ்டராக ஒட்டிக்கொண்டவன். எப்போதும் சிரித்த முகம். சேர்ந்த முதல் நாளே, "நீ அவன் தங்கச்சிதானே? எது வேணும்னாலும் அண்ணன்கிட்ட கேளு" என்று சொன்னவன்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அணைக்க மறந்த விளக்கு மாதிரி அந்தச் சிரிப்பு மட்டும் அவன் முகத்தில் மிச்சமிருந்தது.

"டப்பா யார் பொறுப்புல இருந்துச்சு?" என்றான் கடைசியில்.

"இடி சார்..."

"அப்போ யாரா இருக்கும்? நீயே யோசி. ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாத. ரொம்ப டேஞ்சரான ஆளு. நான் பார்த்துக்கறேன்."

"சரிண்ணா."

சரி என்று சொன்ன கையோடு அவள் நேராகப் போய்த் தட்டியது பிரின்சிபால் அறைக் கதவை!

பிரின்சிபால் மேடம் ஒல்லியான உருவம். குரல் அதைவிட ஒல்லி. முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு வருஷத்துல இது ஒருத்தருக்கும் தோணலையே. எனக்கும்தான். எண்ணிக்கை சரியா இருந்துச்சுன்னா அப்புறம் யாரும் யோசிக்கிறதில்ல."

"இடி சார்தான் மேடம் எங்க அண்ணனை..."

"அவசரப்படாத. மத்தியானம் ரேஞ்சுக்கு வா. மாஸ்டரையும் அந்த உதவி மாஸ்டரையும் வரச் சொல்றேன்."

*

மத்தியானம். அணிகள் எல்லாம் வகுப்புக்குப் போயிருந்தன. ரேஞ்சில் நான்கு பேர் மட்டும்.

நான்கு பேர்தான். கூச்சல் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். எண்ணும்போதெல்லாம் ஒருவர் அதிகமாக இருப்பது போலவே இருந்தது.

மேடம் மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார்.

"மாஸ்டர், அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்ல போன் பேசிட்டு இருந்தேன் மேடம்! எம்ப்டியை அப்புறம் எண்ணிக்கலாம்னு பசங்களை அனுப்பிட்டேன். இவ அண்ணன் மட்டும் துப்பாக்கிங்களைத் துடைச்சுட்டு இருந்தான். சத்தம் கேட்டுச்சு, துடைச்சுட்டு சோதிச்சுப் பார்க்கிறான்னு நினைச்சு, பேசி முடிச்சுட்டுதான் வந்தேன்... பார்த்தா..."

இடிக்குக் குரல் உடைந்தது. அவருக்கும் அது உடையும் என்பதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"நீ எங்கப்பா இருந்த?"

"விடுதிக்குப் போயிட்டேன் மேடம்," என்றான் சிரிப்பு மாஸ்டர். "ரேஞ்ச் பக்கமே வரலை."

"சரி. மாஸ்டர், அவன் விழுந்து கிடந்த இடத்துல நின்னு டார்கெட்டைப் பார்த்து ஒரு ரவுண்டு சுடுங்க. எம்ப்டி எங்க போய் விழுதுன்னு பார்க்கணும்."

இடி பிஸ்டலை எடுத்தார்.

டுமீல்!

எம்ப்டி எகிறியது. சிமெண்ட் தரையில் விழுந்தது. டிங்... டிங்... உருண்டது.

கூச்சல் குனிந்தாள். அவள் நினைத்துக் குனியவில்லை. உடம்பு தானாகக் குனிந்தது. கை தானாக நீண்டது.

அவள் விரல்கள் இன்னொருவர் விரல்களோடு மோதின.

சிரிப்பு மாஸ்டரின் விரல்கள்!

அப்போதுதான் அவள் பார்த்தாள். அந்த எம்ப்டியின் மேல் இரண்டு கைகள் இல்லை... மூன்று கைகள்!

மூன்றாவது கையின் கட்டை விரலில் சைக்கிள் செயின் கிழித்த பழைய தழும்பு.

கண் சிமிட்டினாள். இரண்டு கைகள்.

"அவன் கை!"

கத்தியது அவள் இல்லை. சிரிப்பு மாஸ்டர் பின்னால் சாய்ந்து தரையில் விழுந்திருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"கட்டை விரல் தழும்பு... அவன் கை மேடம்! அவன் இங்கதான் இருக்கான்! தினமும் கேக்குதே... டிங் டிங்னு டப்பாவுல போடற சத்தம்... தினமும்!"

மேடம் அவனைப் பார்க்கவில்லை. இடியைப் பார்த்தார். இடி பிஸ்டலைத் தரைக்குக் காட்டியபடி நட்ட கம்பம் மாதிரி நின்றிருந்தார்.

"மாஸ்டர் குனியலை," என்றார் மேடம்.

"நான் எதுக்கு மேடம் குனியணும்? குனிய வைக்கிறதுதானே என் வேலை!"

"அதேதான். சத்தம் கேட்டதும் குனியறது மாஸ்டர் இல்ல... மாஸ்டர்கிட்ட படிச்ச பையன்!" மேடம் தரையில் கிடந்தவன் பக்கம் திரும்பினார். "ரேஞ்ச் பக்கமே வரலைன்னு சொன்னியே. அன்னிக்கு எம்ப்டியை எடுத்து டப்பாவுல போட்டது யாரு?"

அவன் தன் வலது கையையே பார்த்தான். யாருடைய கையோ போலப் பார்த்தான்.

"நானா? நானா எடுத்தேன்? பிஸ்டலைத் துடைச்சது ஞாபகம் இருக்கு... அவன் கையில வெச்சது ஞாபகம் இருக்கு... இதை எடுத்தது எனக்கே தெரியாது மேடம்!"

அவன் முட்டியைக் கட்டிக்கொண்டான்.

"சும்மா விளையாட்டுக்கு மிரட்டத்தான் நீட்டினேன். துடைக்க வந்த துப்பாக்கி, காலியா இருக்கும்னு நினைச்சேன். உள்ள ஒண்ணு இருந்திருக்கு... அவன் சிரிச்சான்... 'சுடுடா பார்க்கலாம்'னு சிரிச்சுட்டே இருந்தான்..."

கூச்சல் எழுந்து நின்றாள். முதல் முறையாக அவனை 'நீ' என்றாள்.

"எங்க வீட்டுக்கு வந்தியே. எங்கம்மா கையைப் பிடிச்சுட்டு அழுதியே. 'அவனால தாங்க முடியலம்மா'ன்னு சொன்னது நீதானே?"

"பயந்துட்டேன்மா... என் வேலை... என் வாழ்க்கை..."

"கை தவறி சுட்டதை என்னிக்காவது மன்னிச்சாலும் மன்னிச்சிருப்பேன். எங்கம்மாவைக் கொலைகாரியாக்கிட்டு, ரெண்டு வருஷம் சிரிச்சுட்டு இருந்தியே... அதை மன்னிக்கவே மாட்டேன்!"

இடி பெல்ட்டிலிருந்து விலங்கை எடுத்து மாட்டினார்.

*

பிரின்சிபால் அறை. கூச்சல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி இந்நேரத்துல? ஒழுங்கா சாப்பிடறியா?"

"அம்மா... அண்ணன் தானா சாகலம்மா."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"அவன் ஃப்ரெண்டு கை தவறி சுட்டுட்டான்மா. ஒத்துக்கிட்டான். உன்னால இல்லம்மா."

"இன்னொரு தடவ சொல்லு..."

சொன்னாள்.

"இன்னொரு தடவ..."

மூன்றாவது தடவை சொல்வதற்குள் அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தாள். இரண்டு வருடம் தேக்கி வைத்த அழுகை. மகள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் நெஞ்சிலிருந்தும் ஒரு பாறாங்கல் இறங்கியது.

மேடம் அவளுக்கு இடம் விட்டு வராந்தாவுக்கு வந்தார். அங்கே இடி விறைப்பாக நின்றிருந்தார்.

"ஒரு சந்தேகம் மாஸ்டர். நீங்களும் ஒரு காலத்துல இங்க பயிற்சி எடுத்தவர்தானே? உங்களுக்கு மட்டும் குனியத் தோணலையே, எப்படி?"

இடி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தணித்தார்.

"தோணுச்சு மேடம்... இடுப்புதான் ஒத்துழைக்கலை! ரொம்ப வருஷமா பிடிப்பு. குனிஞ்சா நிமித்தறதுக்கு நாலு பேர் வரணும். வெளிய தெரிஞ்சா ரேஞ்சை விட்டுத் தூக்கிடுவீங்கன்னுதான், இத்தனை நாளா சின்னப் பசங்களைக் கத்திக் கத்திப் பொறுக்க வெச்சேன். நாளைக்கே டாக்டரைப் பார்த்துடறேன் மேடம்!"

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க மாஸ்டர்... அந்த இடுப்பு மட்டும் நல்லா இருந்திருந்தா, இப்போ விலங்கு உங்க கையில!"