வாய்தா தவறாதவர்

பத்தொன்பது மணி நேரம்.

நாளைக் காலை பத்து மணிக்குத் தண்டனை. தூக்கா, ஆயுளா என்று நீதிபதி சொல்வதற்குள் கொத்தனார் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். கழுத்து தப்பலாம்.

பிணம் எங்கே?

காண்ட்ராக்டரைக் கொன்றது அவன்தான் என்று தீர்ப்பு வந்துவிட்டது. கிடங்கில் நின்ற கலவை மெஷினுக்குள் உறைந்த ரத்தம்... இரண்டு பற்கள்... மண்டையைப் பிளந்த மண்வெட்டியில் ஒரு கொத்து நரைமுடி. போலீஸ் மூன்று கட்டடங்களைத் தோண்டிப் பார்த்துவிட்டது.

ஆள் மட்டும் கிடைக்கவில்லை!

ஜெயிலின் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வக்கீல் நோட்டைத் திறந்தாள். இலவச சட்ட உதவியில் வந்தவள். அவளுக்கு இது முதல் கொலைக் கேஸ். நாளை என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னாள். முதலில் அரசு வக்கீல் தூக்குக் கேட்பார். அடுத்து இறந்தவரின் மனைவி பேசுவார். பிறகு அவள். கடைசியில் நீதிபதி அவனையே நேராகக் கேட்பார்.

"அப்ப 'நான் பண்ணலை'ன்னு ஆரம்பிக்காதீங்க மேஸ்திரி. அந்தக் கட்டம் தாண்டியாச்சு. வயசு, குடும்பம், உடம்புக்கு என்ன... அதைச் சொல்லுங்க."

"குடும்பம்னா தம்பி ஒருத்தன் இருந்தான். தெரியுமே உங்களுக்கு."

தெரியும். இற்றுப்போன கயிற்றிலேயே சாரம் கட்டச் சொன்னார் காண்ட்ராக்டர். நாலாவது மாடியிலிருந்து தம்பி விழுந்தான். முதுகில் ஏறிய கம்பி மார்பு வழியே வெளியே வந்தது. கேஸ் போட்டார்கள்... நிற்கவில்லை.

"இன்னொண்ணு. கூண்டுல ஏறினதும் குதிகாலால தரையை ரெண்டு தட்டு தட்டுறீங்க. ஜட்ஜ் திமிர்னு நினைப்பார்."

"போன வருஷம் நாங்க புதுப்பிச்ச ஹால்தானே மேடம். உள்ள பொக்கையா இருக்கான்னு தட்டிப் பாக்கிறது. தொழில் புத்தி."

அவள் நோட்டை மூடினாள். இடத்தைச் சொன்னால் தூக்கு ஆயுளாகலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

"முதலாளியம்மா வருவாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"ஒவ்வொரு தடவையும் வர்றாங்களே."

"அப்ப பாப்போம்."

காலை ஒன்பது ஐம்பது.

கோர்ட் வராந்தா. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே கொத்தனார். தூண் மறைவிலிருந்து பாய்ந்தான் காண்ட்ராக்டரின் மகன். விரல் இடுக்குகளில் சாவிக்கொத்து!

முதல் குத்தில் கன்னம் கிழிந்தது. இரண்டாவதில் காது மடல் தொங்கியது. விலங்கு மாட்டிய கைகளைத் தூக்கக்கூட நேரமில்லை. மகன் அவன் தலைமுடியைப் பற்றிச் சுவரில் மோதினான்... மறுபடி... மறுபடி. வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஒரு பூச்சு.

"எங்கப்பா எங்கடா? எங்க வச்சிருக்க?"

தடுக்கப் போன வக்கீலின் உதடும் கிழிந்தது. மகனின் மணிக்கட்டில் லத்தி இறங்கியது. சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். சாவிகள் சிதறின.

கொத்தனார் குனிந்து ஒரு பல்லைத் துப்பினான்.

"உங்கப்பாவுக்கு ரெண்டு போச்சு. எனக்கு ஒண்ணுதான், தம்பி."

காதைச் சுற்றிக் கட்டுப் போட்டார்கள். வேறு தேதி கேட்கலாம் என்றாள் வக்கீல். அவன் தலையாட்டி மறுத்தான். நேராகப் போய்க் கூண்டில் ஏறினான்.

டொக்... டொக்.

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லியும் கேட்கவில்லை!

அரசு வக்கீல் தூக்குக் கேட்டார். பிறகு காண்ட்ராக்டரின் மனைவி எழுந்தாள்.

"தூக்கெல்லாம் எனக்கு வேண்டாங்க ஐயா. பதினாலு மாசமா கதவைத் தாழ் போடாமப் படுக்கறேன், ஒருவேளை வந்துடுவாரோன்னு. எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

வக்கீல் தன் வாதத்தை மூன்றே நிமிடத்தில் முடித்தாள். நீதிபதி கூண்டின் பக்கம் திரும்பினார்.

"தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமா?"

கொத்தனார் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"என் தம்பி கேஸும் இதே ஹால்லதான் நடந்துச்சு ஐயா. பதினோரு வாய்தா. உடம்பு சரியில்லை, வெளியூர்னு மனு மேல மனு. முதலாளி ஒரு நாள்கூட வரலை. அவர் மூஞ்சிய ஒரு தடவை இங்க பாத்துடணும்னு எங்கம்மா காத்திருந்தே செத்துப்போச்சு."

"அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க." நீதிபதியின் குரல் உயர்ந்தது. " உடல் எங்கே?"

கொத்தனார் அந்த மனைவியைப் பார்த்து, விலங்கோடு கும்பிட்டான்.

"இனிமே கதவைத் தாழ் போட்டுக்கங்கம்மா. ஆள் இங்கதான் இருக்காரு... நான் நிக்கிற கூண்டுக்கு ஒண்ணரை அடி கீழ."

யாரோ அலறினார்கள். முன்வரிசை நாற்காலிகள் சரிந்தன.

டொக்... டொக்.

"என் தம்பி கேஸுக்கு ஒரு தடவைகூட வராத மனுஷன்... என் கேஸுக்கு ஒரு வாய்தா தவறலை, ஐயா!"