தண்ணீரில் போட்ட காபித்தூள்

குடையை விரித்ததும் அது மறுபக்கம் மடங்கிக்கொண்டது. ஐப்பசி மழைக்கு அந்தக் குடை எம்மாத்திரம்... நர்மதா பக்கத்துக் கடையின் தார்ப்பாய்க்குள் ஒரே ஓட்டமாக நுழைந்தாள். நுழைந்த வேகத்தில் அங்கே நின்றவன் கையிலிருந்த டம்ளரில் முட்டி, பாதிக் காபி அவன் சட்டையில் வழிந்தது.

“ஐயோ... பார்க்கலீங்க.”

“பரவாயில்லீங்க. சட்டையும் கொஞ்சம் குடிச்சுப் பாக்கட்டும். உங்களுக்கு ஒரு டம்ளர் போடட்டுங்களா?”

நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கிற வாயை விட அதிகமாகச் சிரித்தன அவன் கண்கள். எதையும் ஒளித்துவைக்கத் தெரியாத கண்கள்... இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு ஒருவன் வியாபாரம் பண்ணுகிறான் என்றால் ஜாக்கிரதையாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நினைக்காமல் என்ன செய்வாள்? சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் சேலைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் அவள். விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்பார்கள், பாலியஸ்டரைப் பட்டு என்பார்கள். நூலை உருவி நெருப்பில் காட்டி, மயிர் பொசுங்கும் வாடை வந்தால்தான் அவள் ஒத்துக்கொள்வாள். நர்மதா ‘இது நெசப் பட்டு’ என்று சொல்லிவிட்டால் வாங்குகிறவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தப் புத்தி மனுசர்களிடமும் வந்துவிட்டதுதான் வினை. பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் விசாரித்து விசாரித்தே ஓடவிட்டவள்!

சேலத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிறுதோறும் கூடும் இயற்கைச் சந்தை அது. எதை எடுத்தாலும் நாட்டு, எதைத் தொட்டாலும் மரபு, விலை மட்டும் எல்லாவற்றுக்கும் நவீனம். சந்தையை நடத்தும் வித்யா, சேலைக்கும் ஒரு கடை போடச் சொல்லி நர்மதாவை அழைத்திருந்தாள். அதற்கு இடம் பார்க்க வந்தவள்தான் மழையில் மாட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் இளஞ்செழியன். சேந்தமங்கலத்துக்காரன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே சுற்றிவிட்டு, ஊர் திரும்பி, கொல்லிமலைக் காபிக்கொட்டை விற்கிறான்.

“ஏவாரி முன்பணத்தைக் குடுத்துட்டு, காய் பழுக்கறதுக்கு முன்னாலயே வெலையக் கட்டிடறாங்க. பறிக்கறவங்களுக்கு மிஞ்சறது ஒண்ணுமில்லீங்க. நான் பழுத்த பழமாப் பறிக்கச் சொல்லி, நல்ல வெலையா நேரா அவங்க கைலயே குடுத்துடறேன்.”

“நேராக் குடுக்கறதுக்கு சாட்சி?”

“நானேதானுங்க.”

“அதான் சந்தேகமே.”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கொட்டையை அங்கேயே அரைத்து, பில்டரின் மேல் பாத்திரத்தில் போட்டு, லேசாக அமுக்கினான். கொதித்து அடங்கிய தண்ணீரை முதலில் ஒரு சிறங்கை அளவே சுற்றிவர ஊற்றினான்.

“மொதல்ல தூள் நல்லா நனைஞ்சு பொங்கட்டும்ங்க. அப்புறம் மீதித் தண்ணி. அவசரப்பட்டு டிகாஷன எடுத்து மறுபடி கொதிக்க வெச்சீங்கன்னா கசந்துபோயிரும்.”

“காபிக்கு இத்தனை உபசாரமா?”

“மனுசருக்குன்னா இன்னும் நல்லாவே பண்ணுவேனுங்க.”

கன்னம் சூடாகிவிட்டது அவளுக்கு. இந்தப் பேச்செல்லாம் எத்தனை பேரிடம் பேசினானோ... முறைத்துக்கொண்டே டம்ளரை வாங்கினாள். ஒரு வாய்... அடடா. கசப்புக்குப் பின்னால் மெல்ல வந்த இனிப்பு நாக்கைவிட்டுப் போகவே இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று மூடிக்கொண்டாள். கால் கிலோ அரைத்து வாங்கிக்கொண்டாள். இவன் சாயம் வெளுக்கிறதா பார்க்கலாம் என்றுதான் வாங்கினாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை அம்மா கலைமணி கொடுத்த காபியை ஆசையோடு வாயில் வைத்தாள். முகம் சுருங்கியது. தினமும் வீட்டில் குடிக்கிற அதே காபி!

“அம்மா, நேத்து வாங்கிட்டு வந்த தூள்லதான் போட்டியா?”

“ஆமா சாமி, டப்பாவக் கழுவிக் கொட்டி வெச்சிருக்கறேன் பாரு” என்றது சமையலறைக்குள்ளிருந்து குரல்.

ருசி பார்க்க ஒன்று, பொட்டலம் கட்ட ஒன்று. சேலைக் கடைகளில் அவள் பார்க்காத வித்தையா? ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்து, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளைத் தூவினாள். நல்ல காபித்தூள் கொஞ்ச நேரமாவது மிதக்கும். சிக்கரி கலந்திருந்தால் அது உடனே அடியில் இறங்கி, தண்ணீரில் நிறம் விடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்புக் கோடுகள் சரசரவென்று கீழே இறங்கின...

கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவேண்டாமா? வரவில்லை.  இவனாவது நிசமாக இருந்திருக்கக்கூடாதா என்று ஒரு கணம் மனது கெஞ்சியது. கெஞ்சிய மனதின் மீதே அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவிடம் இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மகராசி. ஊரையே கேள்வி கேட்கிறவளுக்கு வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு டப்பாவோடு போய் நின்றாள். அவளைக் கண்டதும் இளஞ்செழியனின் முகம் மலர்ந்தது.

“வாங்க வாங்க. இன்னிக்கி வருவீங்கன்னு நெனச்சேன். இவங்கதான் சென்னம்மாள். இவங்க தோட்டத்துக் கொட்டைதான் நீங்க வாங்கிட்டுப் போனது. யாரு குடிக்கறாங்கன்னு பாக்கணும்னு மலையிலிருந்து வந்திருக்கறாங்க.”

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாள் கூச்சத்தோடு சிரித்தார். நல்ல ஏற்பாடுதான், ஆளைக் கூட்டிவந்து காட்டுவது... நர்மதா டப்பாவைத் திறந்தாள். எல்லோரும் பார்க்க டம்ளரில் தண்ணீர் ஊற்றி, டப்பாத் தூளைப் போட்டாள். தண்ணீர் பழுப்பானது. கூட்டம் கூடிவிட்டது.

“சிக்கரியக் கலந்து வித்துட்டு, மலை சனத்துக்கு நல்லது பண்றேன்னு பேச்சு வேற.”

அவன் டம்ளரையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“இது என்ர தூள் இல்லீங்க.”

“மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் சொல்றதுதான்.”

அவன் கையிலிருந்த கொட்டையை அரைத்துத் தண்ணீரில் போட்டுக் காட்டினான். அது மிதந்தது. “மாட்டிக்கிட்டா காட்டறதுக்குன்னு ஒண்ணு தனியா வெச்சிருக்க மாட்டாங்களா?” என்றார் கூட்டத்தில் ஒருவர். நர்மதாவும் அதையேதான் நினைத்தாள். வித்யா தயங்கித் தயங்கி வந்து, விசயம் தெளிவாகும்வரை கடை போடவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சென்னம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “சாமி, உன்ர பேச்ச நம்பி எங்கூருல ஒருத்தரும் ஏவாரிகிட்ட முன்பணம் வாங்கல. இங்க விக்க முடியாதுன்னா பழத்த யாரு எடுப்பா? திரும்பப் போனா அவன் வெச்சதுதான வெல...”

 அவன் ஒரே ஒரு தடவை நர்மதாவை ஏறிட்டுப் பார்த்தான். கோபமாகவாவது பார்த்திருக்கலாம் பாவி.

அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் காபி கலக்கிக்கொண்டே கலைமணி சாவகாசமாகப் பேசினாள்.

“அந்தப் பையன்கிட்ட இன்னொருக்கா வாங்குனீன்னா சொல்லு, சிக்கரி கொஞ்சந்தான் மிச்சம் இருக்குது. வாங்கி வெக்கணும்.”

நர்மதா அம்மாவின் பக்கம் திரும்பினாள். “சிக்கரியா? நீயா கலந்தே?”

“பின்னே? அது ஊட்டுக்கு வந்த அன்னிக்கே கலந்துட்டேன். வெறுந்தூள்ல நெறமே வரல. உங்கப்பனுக்குக் கெட்டியா, கருகருன்னு இருந்தாத்தான காபி. எந்தத் தூள் வந்தாலும் நான் கலக்கறதுதான். இது புதுசா உனக்கு?”

புதுசில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் காபியைத்தான் குடிக்கிறாள். இந்த வீட்டு ருசியே சிக்கரி ருசிதான் என்பது மட்டும் இத்தனை காலமும் தெரியாது! நடந்ததை அழாத குறையாக அம்மாவிடம் சொன்னாள்.  கலைமணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“போன்ல பேசி மன்னிப்புக் கேட்டுரு. சந்தையில மட்டும் வாயத் தொறக்காத. வர ஞாயித்துக்கெழமை நம்ம சேலை அங்க போகுது. உன்ர வாய் வார்த்தைக்குத்தான் வாங்கறாங்க. தப்பாச் சொல்றவள்னு பேராயிட்டா நம்ம கதி என்ன?”

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. காபிப் பொட்டலத்தில் இருந்த அவனுடைய எண்ணைப் பார்த்தாள், அழுத்தினாள், மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள். எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டு, காதோடு காதாக மன்னிப்பா? அதையும் அவன் நம்பவேண்டுமா?

அந்த ஞாயிறு, நர்மதாவின் சேலைக் கடையில் முதல் நாளே நல்ல கூட்டம். “நீ சொன்னா சரிதாம்மா” என்று ஒரு அம்மாள் பச்சைப் பட்டைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவன் வந்தான். கடை போட இல்லை, வித்யாவிடம் விட்டுப்போயிருந்த அரவை மெஷினை எடுத்துப்போக. முகத்தில் சவரம் இல்லை. யாரையும் பார்க்காமல் மெஷினைத் தூக்கினான்.

தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவ்வளவுதான். மறுபடி வரமாட்டான். நர்மதா எழுந்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. போன வாரம் இவர் சிக்கரி கலந்தார்னு சொன்னது நான்தான். அது பொய். கலந்தது எங்கூட்டுல, எங்கம்மா. நான் விசாரிக்காமச் சொல்லிட்டேன். இவர் வித்தது சுத்தமான காபிதான்.”

 பச்சைப் பட்டை அந்த அம்மாள் மெதுவாக மடித்துக் கீழே வைத்தார். “அப்ப நீ சொல்றதும் அப்படி இப்படித்தான் இருக்குமா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் நகர்ந்தார்கள். நர்மதா தடுக்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள். அங்கே சிரிப்பு வரவில்லை.

“இது என்னங்க புது ஏற்பாடு? பாவம் பாக்கறீங்களா?” என்றான்.

சந்தேகம்... அவன் கண்ணிலும் இப்போது சந்தேகம்! அது தான் கொடுத்ததுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

“பாவம் இல்லீங்க.”

“அப்புறம் எதுக்கு உங்க ஏவாரத்த நீங்களே கெடுத்துக்கறீங்க?”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. எத்தனை பேரைக் கேள்வி கேட்ட வாய், இந்த ஒரு பதிலுக்குத் திணறியது.

“மொத நாளே... நீங்க சொன்னதெல்லாம் நெசமா இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு. யார்கிட்டயும் எனக்கு அப்படி இருந்ததில்ல. பயந்துட்டேன். பொய்னு ஆயிட்டா ஒடஞ்சு போயிருவேன்னு, நானே முந்திக்கிட்டுப் பொய்னு முடிவு கட்டிட்டேன். நீங்க என்னைப் புடிக்கலைன்னு சொன்னாலும் சரி. எனக்கு உங்களப் புடிச்சிருக்குது... அத மட்டும் சந்தேகப்படாதீங்க.”

அவன் மெஷினைக் கீழே வைத்தான்.  வித்யா வந்து, “அடுத்த வாரத்துலருந்து கடை போட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் தலையை ஆட்டினான்.

“சென்னம்மாள் மலையில சாப்பிடாமக் கெடக்கறாங்க. ஏவாரிகிட்ட திரும்பப் போறதா வேண்டாமான்னு இன்னிக்கி ஊரே கூடிப் பேசுது” என்றான் நர்மதாவிடம்.

“நான் வாரேன். தப்புப் பண்ணினது நான்தான்னு அவங்ககிட்டயும் சொல்றேன்.”

“வந்தா, யாரு இந்தப் புள்ளைன்னு மொதல்ல என்னயத்தான் கேப்பாங்க.”

“கடைய மூட வெச்சவள்னு சொல்லுங்க.”

“அது பாதிதானுங்க.” அவன் குரல் மெல்ல இறங்கியது. “அடுத்த ஞாயித்துக்கெழமை காபிக் கடையத் தேடி வருவாங்களான்னு மொத வாரம் பூரா நான் வழி பாத்தது யாரைன்னு இருக்குதே... வந்தவங்க டப்பாவோட வந்தாங்க, அது வேற கதை. எம் மனசுக்குப் புடிச்சவங்கன்னு சொல்லட்டுங்களா?”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நிசமா என்றும் கேட்கவில்லை. விரித்துக் கிடந்த சேலைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வித்யாவுக்குக் கைகாட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சொல்லுங்க” என்றாள்.