நூறாவது ஓட்டத்தில் ஸ்தூரே

டமார்...!

ஸ்தூரே பத்தடி தூரம் பறந்தான். தலை தனியாகக் கழன்று, உருண்டு வந்து தூவாவின் பூட்ஸ் அருகே நின்றது.

"போயிட்டான்," என்றான் ரூனே. கையிலிருந்த லவங்கப்பட்டை பன்னைக் கீழே வைக்கக்கூட இல்லை.

மாலை நான்குதான். ஆனால் ஸ்வீடனின் டிசம்பர்... நல்ல இருட்டு.

ஸ்தூரே ஒரு பொம்மை. குறுக்கே ஆள் வந்தால் தானே பிரேக் போட்டு நிற்கும் காரைத் தூவா ஆறு வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றொன்பது முறை ஸ்தூரேவைப் பார்த்ததும் கார் நின்றது. நூறாவது முறை அடித்தே விட்டது!

ஒரு மணி நேரத்தில் அரசாங்கக் கமிட்டி வருகிறது. எல்லாக் கார்களிலும் இந்த பிரேக்கைக் கட்டாயமாக்கினால் செலவுக்குத் தகுமா, தகாதா... இன்றே முடிவு. கணக்கு அதிகாரி ரூனே, தகாது என்று அறுபது பக்கம் எழுதியவன்.

"நீதானே ஏதோ பண்ணினே?"

"நானா? நான் பேப்பர்லதான் ஆளைச் சாகடிப்பேன், தூவா. ஒரு உயிருக்கு இவ்வளவுன்னு போட்டு வகுத்தா போதும்... ரத்தமே வராது."

"வாயை மூடு."

தூவா காரின் கேமராவைச் சோதித்தாள். சரி. பிரேக்... அதுவும் சரி. டார்ச்சோடு போய்ச் சடலத்தைப் புரட்டினாள்.

மஞ்சள் சட்டை! குறுக்கே பளபளக்கும் வெள்ளிப் பட்டைகள்.

ஹெட்லைட் பட்டதும் பட்டைகள் ஜொலித்திருக்கின்றன. கேமராவுக்கு வெளிச்சம்தான் தெரிந்திருக்கிறது, ஆள் தெரியவில்லை.

"இதை யார் மாட்டினது?"

"நான்தான்." பாதுகாப்பு அதிகாரி குன்வோர் நிதானமாக வந்தாள். "இருட்டினப்புறம் இந்தச் சட்டை இல்லாம யாரும் டெஸ்ட் டிராக்ல நிக்கக்கூடாது. கமிட்டி வர்ற நாள் வேற... ரூல் மீறினா என் தலைதான் உருளும்."

"அது பொம்மை, குன்வோர்."

"பொம்மை தவிரன்னு போடலியே."

"எந்த மடையன் எழுதின ரூல்?"

குன்வோர் ஃபைலைப் பிரித்துக் காட்டினாள். அடியில் கையெழுத்து...

தூவா லிண்ட்ரூத்.

ரூனே சிரித்தான். "சட்டையைக் கழட்டிட்டு ஓட்டு, நிக்கும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தூவா கீழே கிடந்த தலையை எடுத்துக்கொண்டாள். ரோடு போடுகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்... குளிர்காலம் முழுக்க எல்லோர் மேலும் இந்தப் பட்டைதான். அவளுக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"வேணாம். சட்டையோடதான் ஓட்டிக் காட்டப் போறேன். சரி பண்ண ஆறு மாசம் கேப்பேன்."

"இன்னிக்கே இல்லேன்னு சொல்லிடுவாங்க."

"சொல்லட்டும்."

"அதுசரி, ஸ்தூரேக்குத் தலையே இல்லை. கார் முன்னால யாரை நிறுத்துவே?"

தூவா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குள் குன்வோர் பின்னால் வந்து, அவன் தோளில் புது மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டாள்.

"நீயும் டிராக்லதான் நிக்கறே, ரூனே. ரூல்."

தூரத்தில் சோதனைக் கார் உறுமியது.

ரூனே பன்னைக் கீழே வைத்தான்.

"தூவா... அந்த ஒரு உயிருக்குப் போட்ட தொகையைக் கொஞ்சம் கூட்டிக்கறேன்."