ஏழாம் மேசைத் தொட்டி

"ஏய்... நில்லுங்க! அந்தக் கோட்டுக்குள்ள என்ன?"

ஹசிந்தா போட்ட சத்தத்தில், கல்யாணக் கூடாரத்தின் வாசல் வரை போய்விட்ட அந்த ஆறடி உருவம் அப்படியே நின்றது. மழை அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டுப் படியச் சீவிய தலை... பார்த்தால் பெரிய மனுஷத் தோரணைதான். ஆனால் கோட்டின் இடது பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. போதாததற்கு, காலருக்கு மேலே ஒரு திருநீற்றுப்பச்சைக் கொழுந்து எட்டிப் பார்த்தது.

"ஒண்ணுமில்லையே..."

"ஒண்ணுமில்லாததுல இலை முளைச்சிருக்கே, எப்படி?"

அவன் குனிந்து கொழுந்தைப் பார்த்தான். அதை ஒரு விரலால் உள்ளே தள்ளினான். அது மறுபடியும் எட்டிப் பார்த்தது.

"எடுங்க வெளியே!"

எடுத்தான். சின்ன மண்தொட்டி, அதில் திருநீற்றுப்பச்சைச் செடி, சுற்றிலும் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ, கழுத்தில் ஒரு நூல்துணி நாடா. ஏழாம் மேசைத் தொட்டி. வண்டியிலிருந்து தீப்பெட்டி எடுத்து வர அவள் அந்தப் பக்கம் போன இரண்டு நிமிஷத்தில் இந்த வேலை!

அட்லிஸ்கோ ஊரில் கல்யாணம் என்றால், ஆட்டம் பாட்டு முடிந்ததும் மேசைப் பூ விருந்தாளிக்குச் சொந்தம். ஒரு மேசையில் பத்துப் பேர், பூ ஒன்று. அந்த ஒன்றை யார் தூக்குவது என்பதில் பேச்சு வார்த்தை நின்றுபோன அக்கா தங்கைகள் ஊரில் ஏராளம். அதெல்லாம் ஹசிந்தாவுக்குப் புதிதில்லை. ஆனால் மாப்பிள்ளையும் பொண்ணும் இன்னும் மாதா கோயிலைவிட்டே வரவில்லை. அடுப்பில் மோலே குழம்பு இப்போதுதான் கொதி வந்திருக்கிறது. அதற்குள்ளேயா?

"எங்கம்மாதான்..." அவன் எச்சில் விழுங்கினான். "ஒண்ணு எடுத்து வைக்கச் சொன்னாங்க. கடைசியில கிடைக்காதுன்னு..."

"நல்ல அம்மா! சாப்பிடுறதுக்கு முன்னாடியே இலையைச் சுருட்டுறவங்க போல. கொண்டு போய் வைங்க, இருந்த இடத்துல!"

அவன் தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திருடன் என்றால் கொஞ்சமாவது முறைக்க வேண்டாமா?

அவள் பதற்றம் அவளுக்கு. ஒன்பது வருஷம் ஒரு பெரிய அலங்காரக் கடையில் வேலை பார்த்து, ஆளுயரக் கண்ணாடி ஜாடிகளில் பூச் சொருகிச் சொருகிக் கை மரத்துப் போய், போன மாதம்தான் வெளியே வந்திருந்தாள். சொந்தப் பெயரில் இது முதல் கல்யாணம். இருபது மேசை. மணப்பெண் ஒஃபேலியா மண்தொட்டியைப் பார்த்ததும் துள்ளிக் குதித்துச் சம்மதித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா தோன்யா ஒப்துலியா மட்டும் போனிலேயே, "அது என்ன, சந்தைக்கடை மாதிரி?" என்று கேட்டிருந்தார். இன்றைக்கு இந்த மேசைகள் நின்றால் அவள் நிற்பாள். இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் பழைய கடைக்கே போய், ரோஜாவுக்கு முள் கழிக்க வேண்டியதுதான்.

"உக்காருங்க," என்றாள்.

"எதுக்கு?"

"தொட்டியை அசைச்சிட்டீங்கல்ல? இடம் பார்க்கணும். அந்தப் பக்கம் உக்காருங்க. முழங்கையை மேசையில ஊணுங்க. கையை மூடி அது மேல தாடையை வைங்க... ம், அப்படித்தான். பூ உங்க முஷ்டிக்கு மேல போகக் கூடாது."

"போனா?"

"எதிர்ல இருக்கிற முகம் தெரியாது. விருந்துக்கு வர்றவங்க பூவையா பார்க்க வர்றாங்க? ஒருத்தரை ஒருத்தர் பார்க்கத்தானே வர்றாங்க?"

சொல்லிவிட்டு அவளும் எதிரே உட்கார்ந்தாள். முழங்கையை ஊன்றினாள். தாடையை முஷ்டியில் வைத்தாள். நிமிர்ந்தாள்...

அடடா!

தேன் நிறக் கண்கள். இமையில் மழைத்துளி ஒன்று விழவா வேண்டாமா என்று நின்றது. அந்தக் கண்கள் பூவைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்க்கவில்லை. நேராக அவளைத்தான் பார்த்தன. கூடாரத் துணியின் மேல் மழை படபடவென்று அடித்தது. மழைதானா, இல்லை தன் நெஞ்சா என்று ஹசிந்தாவுக்கு ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது.

"உயரம் சரியா இருக்குங்க," என்றான் அவன், மெதுவாக.

"எனக்குத் தெரியும்!" சட்டென்று எழுந்துவிட்டாள். காது சூடாகிவிட்டது. "பேரு என்ன?"

"ரமீரோ. வாசல்ல நிக்கிற பஸ் என்னுதுதான். பூசை முடியற நேரம்... கோயில்லேருந்து எல்லாரையும் கூட்டிட்டு வரணும்."

வாசல் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள்... சும்மா, தொட்டி எதையும் தூக்கிப் போகிறானா என்று பார்க்கத்தான்!

*

பஸ் வந்தது. மழைக்குத் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு விருந்தாளிகள் கூடாரத்துக்குள் ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் நீலப் பட்டு உடுத்தி, முத்துமாலை குலுங்க, தோன்யா ஒப்துலியா வந்தார். வந்தவர் நடுவில் நின்று இருபது மேசையையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரமீரோ!"

ஹசிந்தா நிமிர்ந்தாள். அந்தப் பெயரைச் சொல்லி இவர் ஏன் கூப்பிடுகிறார்?

"ஏண்டா, பஸ்ஸுல இருக்கிற கண்ணாடி ஜாடியெல்லாம் முன்னாடியே கொண்டு வந்து வைடான்னுதானே உன்னை அனுப்பினேன்? இந்தக் கீரைத் தொட்டியெல்லாம் இன்னும் இங்க என்ன பண்ணுது? தம்பி கல்யாணமாடா இது, சூப்புக் கடையா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அடுத்த மேசைக்கும் பரவியது. ஹசிந்தா விரல்களை இறுக்கிக்கொண்டாள். அவன் மாப்பிள்ளையின் அண்ணனா? இந்த அம்மா பெற்ற பிள்ளையா? ஜாடியை வைக்க வந்தவனா அவன்! அப்படியென்றால் அந்தப் பார்வை... அந்த 'உயரம் சரியா இருக்குங்க'... எல்லாம் நடிப்பா?

தன்மானம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றாள். "கீரைத் தொட்டின்னு சொல்றீங்களே, பின்னே எதுக்கு உங்க பிள்ளையை விட்டு ஒண்ணை ஒளிச்சு எடுத்து வைக்கச் சொன்னீங்க? அவரே சொன்னாரே, கோட்டுக்குள்ள தொட்டியை வச்சுக்கிட்டு!"

சிரித்தவர்கள் இரண்டடி முன்னால் நகர்ந்தார்கள்.

"நானா?" ஒப்துலியாவின் முத்துமாலைகூட ஆடாமல் நின்றது. "நான் எல்லாத்தையும் தூக்கி ஓரமா போடச் சொன்னேன்மா. ஒண்ணை எடுத்து வைக்கச் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா? கல்யாண வீட்டுக்காரி மேசைப் பூவைத் தொடுவாளா?"

அத்தனை கண்ணும் ரமீரோ பக்கம் திரும்பின. அவன் பஸ் சாவியை விரலில் சுற்றுவதை நிறுத்தினான். தப்பிக்க ஒரு வழி இருந்தது. 'அந்தப் பொண்ணு சொல்றது பொய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவின் மரியாதை நிற்கும். ஜாடிகள் உள்ளே வரும்.

"அவங்க சொல்றது நெஜம்தாம்மா," என்றான். "நான்தான் பொய் சொன்னேன். ஜாடியை வைக்கிறேன்னு உன்கிட்டயும், நீ கேட்டதா அவங்ககிட்டயும்."

"ஏண்டா?"

"காலையில ஏழு மணிலேருந்து பஸ்ஸுல உக்காந்து பார்த்துட்டு இருந்தேன்மா. இவங்க ஒவ்வொரு மேசையிலயும் உக்காந்து, எதிர்ல யாரோ இருக்கிற மாதிரி நினைச்சுப் பார்த்துப் பார்த்துத் தொட்டியை நகர்த்தினாங்க. ஒரு மேசையில சிரிச்சாங்க. யாரும் இல்ல எதிர்ல... ஆனாலும் சிரிச்சாங்க. அந்த நாற்காலியில போய் நான் உக்காரணும்னு தோணிச்சு. தைரியம் வரல. அந்த மேசைத் தொட்டியையாவது எடுத்து வச்சுக்கலாம்னு பார்த்தேன். வீட்டுக்காரங்களுக்குக் கிடைக்காதே... அதான்." பின்னங்கழுத்தைத் தடவினான். "ஜாடியை உள்ள கொண்டு வர எனக்கு மனசு வரல. இவங்க வேலையைக் கெடுக்க என்னால முடியல."

ஒரு பெருமூச்சு கூடாரம் முழுக்கப் போய் வந்தது. அத்தைமார்களுக்கு மோலேயைவிட இது ருசியாக இருந்தது!

ஒப்துலியா மகனைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஏழாம் மேசையில் போய் உட்கார்ந்தார்.

"ஒரு ஜாடியைக் கொண்டு வா. சோலே, நீ எதிர்ல உக்காரு."

நாத்தனார் சோலே எதிரே உட்கார்ந்தார். ஜாடி வந்தது. உயரமான கண்ணாடி, அதன் தலையில் ஒரு கூடைத் துணி ரோஜா. நடுவில் வைத்ததும் சோலே அத்தையின் கொண்டையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"சோலே, இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி. நீங்க எங்க இருக்கீங்க?"

கூடாரம் குலுங்கிச் சிரித்தது. ஒப்துலியா சிரிக்கவில்லை... ஆனால் உதட்டோரம் என்னவோ துடித்தது. ஜாடியை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

"ஜாடியெல்லாம் வாசல்ல, ரெண்டு பக்கமும் வை. பார்க்க லட்சணமா இருக்கட்டும். தொட்டியெல்லாம் இங்கயே இருக்கட்டும். நின்னு வேடிக்கை பார்க்கிறியா? போடா!"

*

மேசைகள் நின்றன. மணமக்கள் வந்தார்கள், ஆடினார்கள். மூன்று பேர் ஹசிந்தாவிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் நடந்தது, ஒன்றைத் தவிர. அவள் ரமீரோ இருந்த பக்கம் திரும்பவேயில்லை. அவன் தட்டோடு வந்தால் அவள் அடுப்படிக்குப் போனாள். அவன் அடுப்படிக்கு வந்தால் அவள் வாசலுக்குப் போனாள். பொய்க்காரன்... ஊர் முன்னால் என்னைப் பற்றிப் போட்டு உடைத்துவிட்டான்... என்று கோபத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தாள். அது கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்து நான் சிரித்தேனா? அதை ஒருத்தன் பார்த்தானா?

மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்தபோது விருந்து கலைந்தது. பஸ்ஸில் ஏறுமுன் பெண்கள் தொட்டிகளை அள்ளிக்கொண்டார்கள். ஏழாம் மேசையில் மட்டும் பெரிய ரகளை.

"அண்ணி, கையை எடுங்க! வீட்டுக்காரங்க எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப எடுக்கிறேன். எனக்கு அறுபது வயசாச்சு, நியாயம் பேசாதே சோலே!"

ஒப்துலியா தொட்டியோடு வெளியே வந்தார். வாசலில் நின்ற மகனின் நெஞ்சில் அதை வைத்து அழுத்தினார். "இந்தா. உன் பொய்யை நான் நெஜமாக்கிட்டேன். இனிமே திருடாதே. வாய் இருக்கில்ல? போய்க் கேளு."

ஹசிந்தா மேசைத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இருபது மேசையும் வெறுமையாகக் கிடந்தன. அலங்காரம் செய்தவள் எப்போதும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவாள். அது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

'டொக்'கென்று சத்தம். அவள் முன்னால் அந்தத் தொட்டி.

ரமீரோ எதிரே உட்கார்ந்தான். முழங்கையை ஊன்றினான். தாடையை முஷ்டியில் வைத்தான்.

"பஸ்ஸுல எல்லாரும் காத்திருக்காங்க. சீக்கிரம் சொல்லிடுறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. காலைலேருந்து பிடிச்சிருக்கு. பொய் சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க. இது உங்களுக்குத்தான்... வீட்டுக்குக் கொண்டு போங்க."

ஒன்பது வருஷத்தில் ஒருவரும் அவளுக்கென்று ஒரு பூ எடுத்து வைத்ததில்லை. மெல்ல உட்கார்ந்தாள். முழங்கையை ஊன்றினாள்.

"சரியா வைக்கலீங்க," என்றாள்.

"என்னங்க? உயரம் அதேதானே..."

"இல்ல. மறைக்குது."

"எதை?"

தன் கையால் பார்த்துப் பார்த்து வைத்த அந்தத் தொட்டியை ஹசிந்தா ஓரமாக, மேசையின் விளிம்பு வரை நகர்த்தினாள். இப்போது இருவருக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

"உங்களை," என்றாள். "எனக்கும் பிடிச்சிருக்கு, ரமீரோ."

வாசலில் பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. சோலே அத்தைதான். இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.