மூன்றாம் அறை

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அந்த முகாமை அடைந்தோம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் குடும்பம் குடும்பமாக அடைத்து வைத்திருந்த இடம். இப்போது நினைவிடம். வறண்ட சமவெளியில் கான்கிரீட் சிறைக் கட்டடம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"அஞ்சு நிமிஷந்தான் மதி. பாத்துட்டு ஃப்ரீவே புடிச்சிரலாம்" என்றார் என் கணவர் நஞ்சுண்டன். எங்கள் ஊர் மில்பிடாஸிலிருந்து ஆறு மணி நேரம் அவரே டிரைவ் பண்ணி வந்திருந்தார். கரப்பான்பூச்சியைக்கூட டிஷ்யூவில் பிடித்து வெளியே விடுகிற மனிதர்.

உள்ளே எங்களோடு நினைவிடத்தைச் சுற்றிக்காட்டும் ஒரு பெண் ரேஞ்சர் மட்டும் வந்தார். முரண்டு பிடித்த கைதிகளை இங்கேதான் விசாரித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். சுவரில் சுண்ணாம்பு வாசனை. அதற்கடியில் துருவும் மூத்திரமும் கலந்த ஏதோ ஒரு நாற்றம்.

மூன்றாவது அறைக்குள் நஞ்சுண்டன் போட்டோ எடுக்க நுழைந்தார். கம்பிக் கதவு அகலத் திறந்தே கிடந்தது.

தட்.

ஈர மெத்தையைக் கட்டையால் அடித்தது போன்ற சத்தம். அவர் முழங்கால் மடங்கிச் சரிந்தார். தடுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

தட்.

தலை பக்கவாட்டில் திரும்பியது. இரண்டு பற்கள் தரையில் தெறித்து என் செருப்பருகே உருண்டன.

அறையில் வேறு யாரும் இல்லை.

"யாருங்க, என்னங்க ஆச்சு..." என்று கத்திக்கொண்டே ஓடி அவர்மேல் கவிழ்ந்து படுத்தேன். அடி என் முதுகில் விழட்டும் என்றுதான் படுத்தேன்.

விழவில்லை. ஒவ்வொரு அடியும் என்னைக் கடந்து அவர்மேல் இறங்கியது. எனக்குத் துளி வலி இல்லை. எனக்குக் கீழே அவருடைய விலா எலும்பு முறிவதை என் நெஞ்சு உணர்ந்தது.

ஒன்று. பிறகு இன்னொன்று.

ரேஞ்சர் அவர் கால்களைப் பிடித்து இழுத்தார். உடம்பு அசையவில்லை. யாரோ மிதித்துக்கொண்டிருப்பதைப் போல் தரையோடு ஒட்டியிருந்தது. அவர் இடது கை தானாக முறுகி, முழங்கையில் உடைந்து, எதிர்ப்பக்கமாக மடங்கியது.

அப்போது ரத்தம் நிறைந்த வாயால் அவர் எதையோ முனகினார்.

உடனே எல்லாம் நின்றது.

ஆஸ்பத்திரியில் போலீஸ், வான்மதி என்ற என் முழுப்பெயரை எழுதிக்கொண்டு, என்னைத் தனியே வைத்து ஒரு மணி நேரம் விசாரித்தது. ரேஞ்சர் சொன்ன சாட்சியம்தான் என்னைக் காப்பாற்றியது.

மூன்றாம் நாள் மதியம் அவர் பேசினார். நர்ஸ் வெளியே போகும்வரை காத்திருந்து, என்னை அருகில் கூப்பிட்டார்.

"ரெண்டு பேர் மதி. ஒருத்தன் புடிச்சிக்கிட்டான், ஒருத்தன் அடிச்சான். கூட யாரு, ஒரே ஒரு பேரு சொல்லு, விட்டுர்றோம்னாங்க. யாருன்னு நான் என்னத்தக் கண்டேன்..."

"பேசாதீங்க. தூங்குங்க."

"வலி தாங்கல மதி." கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "வேற பேரு எதுவும் வாயில வரல. உன் முழுப் பேரச் சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். மருந்தின் மயக்கத்தில் அவர் கண் மூடினார்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் நல்ல வெயில்.

என் பிடரிக்கு மிக அருகில் ஒரு ஆண் குரல், பழக்கமில்லாத பெயரை வாய்க்குள் உருட்டிப் பார்ப்பதுபோல், பொறுமையாகச் சொன்னது.

"வான்... மா... டி."