மந்தநாள்

இது மழைக்காலத்துக்கு முன்பு நடந்ததா, பின்பா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆட்கள் சொல்வதும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆனால் அன்றும் மரியசெல்வம் பல் துலக்குமுன் உலகச் சந்தைச் செய்தியைத்தான் கேட்டார். புளியங்குளத்தில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

ஊரைக் கிழக்கூர், மேற்கூர் என இரண்டாகப் பிளந்து நடுவே விரைதடம் ஓடியது. தூத்துக்குடித் துறைமுகத்தில் தொடங்கி நாட்டின் வடக்கு எல்லைவரை, சரக்குப்பெட்டிகள் காந்தவிசையில் மிதந்து ஓயாமல் பறக்கும் தடம். அதை நிறுத்தக் கூடாது என்பது சட்டம். நின்றால் உலக வணிகத் தரவரிசையில் நாடு சரிந்துவிடும். உலகம் வாங்குவது குறைந்து, பெட்டிகள் வருவது மெலிந்தால்தான் தடத்தின் கதவுகள் திறக்கும். கிழக்கூர் ஆட்கள் மேற்கூருக்குப் போய்வருவார்கள். அதற்கு மந்தநாள் என்று பெயர். முகூர்த்தம் பார்ப்பதை விட்டு, ஊர் மந்தநாள் பார்த்தே கல்யாணம் வைத்தது.

மகள் ஜெனிட்டாவின் கல்யாண வேலையாக, போன மந்தநாளில் மேற்கே போனவள் மரியசெல்வத்தின் மனைவி புஷ்பம். மாப்பிள்ளை ரூபனும் அங்கேதான், தேவாலயமும் அங்கேதான். பிறகு கதவு திறக்கவே இல்லை.

பாலம் போட்டிருக்கலாம். அதற்குத் தடத்தைச் சில நாள் நிறுத்த வேண்டும். “முதலிடத்துக்கு வந்துட்டோம்னா முதல் முதலீடு பாலத்துக்குத்தான்” என்று தடம் போட்ட காலத்தில் ஊரைக் கூட்டிச் சொன்ன பொறியாளர் மரியசெல்வமேதான். அதை இன்னும் நம்பிக்கொண்டிருந்தவரும் அவர் ஒருவர்தான்.

அன்றைய செய்தி, கடலுக்கு அப்பாலுள்ள போட்டித் துறைமுகத்தைப் புயல் முடக்கிவிட்டது என்பது.

“அண்ணாச்சி, கேட்டீகளா? புயல் அடிச்சுட்டாம்லா!” சமையற்காரர் தங்கபாண்டி வாசலிலேயே கத்தினார். “அரிசிய ஊறப்போட்டுருதேன்.”

“போடும்வே. அவன் கப்பல் நின்னா நமக்குக் கதவு தொறக்கும்.”

“போன தடவையும் இதத்தான் சொன்னீக. பிரியாணிய நாய்தான் தின்னுச்சு.”

“அது வதந்தி. இது புயல்வே.”

தெருவில் வெடி வெடித்தார்கள். ஜெனிட்டா பட்டுடுத்திக் கதவருகே வந்து நின்றாள். எதிர்க்கரைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் புஷ்பம், பக்கத்தில் மாலையோடு ரூபன். நடுவே பெட்டிகள் பறந்தன. உச்சிவெயில் ஏறியது. பெட்டிகளுக்கு இடையே தெரிந்த வெளிச்சக் கீற்றும் மறைந்து, புஷ்பத்தின் முகமே தெரியாமல் போயிற்று.

“ப்பா.”

“என்னம்மா?”

“அவன் துறைமுகம் மூடிட்டா, அங்க போற சரக்கெல்லாம் எங்க வரும்?”

அவ்வளவும் இந்தத் தடத்துக்குத்தான் வரும். ஊர் முழுவதும் வெடி வெடித்துக் கொண்டாடியது இதைத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பேசி அடித்தது. “என்னங்க, தொறக்குமா தொறக்காதா? பிள்ள எத்தன நேரம் நிப்பா?” என்றாள் புஷ்பம். அவர் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே அண்ணாந்து பார்த்தார்.

கதவின் மேலிருந்த திரை ஒளிர்ந்தது. உலகத் தரவரிசையில் நாடு முதலிடம். அதைத் தக்கவைக்க இரண்டாம் விரைதடத்துக்கு முதலீடு.

போட்டித் துறைமுகம் மீண்டும் எழவில்லை, கதவும் திறக்கவில்லை. ஜெனிட்டா கிழக்கூரிலேயே வேறொருவரை மணந்தாள். ரூபன் வடக்கே வேலைக்குப் போனான். தங்கபாண்டி சமையலை விட்டார். புஷ்பம் மேற்கூரில் இறந்தாள், அங்கேயே அடக்கம் செய்தார்கள். மரியசெல்வம் அதைக் கைப்பேசியில் பார்த்தார். நாடு இன்னும் முதலிடத்தில் இருக்கிறது.